கண்டாங்கியும் கொட்டானும் கடல் தாண்டிய ஆறு ஆண்டுகள்: வெளிநாட்டு ஆர்டர்களும் சுங்கவரியும்

காரைக்குடியில் இருந்தபடி கண்டாங்கிச் சேலைகளையும் பனையோலையில் முடைந்த கூடைகளான கொட்டான்களையும் இணையக் கடை வழியாக விற்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குத் தொடர்ந்து அனுப்பி வருகிறேன். வரி அதிகம் என்று வாங்காமல் விட்டவர்கள் மிகச் சிலரே. வரி உண்டு என்பதை நாம் முன்பே சொல்லாததால், வாசலுக்கு வந்த பெட்டியை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பியவர்கள்தாம் எனக்கு உண்மையான நட்டத்தைத் தந்தவர்கள். ஆகவே வரியைப் பற்றி எப்போது, யார், எந்த வார்த்தைகளில் வாங்குபவரிடம் சொல்வது என்பதே இந்தத் தொழிலில் நான் அதிகம் திருத்திக்கொண்ட விஷயம்.

உள்நாட்டு ஏற்பாடுகள் பலரும் அஞ்சும் அளவுக்குக் கடினமானவை அல்ல. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்திடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை 500 ரூபாய் கட்டணத்தில் இணையத்திலேயே பெற்றேன். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் அதைப் புதுப்பித்து உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் எண் செயலிழந்துவிடும். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்ய விகிதம் என்றாலும், வரி கட்டாமல் அனுப்புவதற்கு ஒவ்வொரு நிதியாண்டும் எல்யுடி எனப்படும் உறுதிக் கடிதத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இவ்விரண்டையும் மார்ச் மாத இறுதியில் நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

சிரமம் தொடங்குவது பொருள் விவரப் படிவத்தில். முதல் ஆண்டில் 'துணி' என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். தபால் நிலையக் கவுண்டரில் இருந்த ஊழியர் ஒருநாள், "மேடம், வெறும் துணின்னு எழுதினா அங்கே பிரிச்சுத்தான் பார்ப்பாங்க, என்ன துணி, எத்தனை மீட்டர், எதுல நெய்ததுன்னு எழுதுங்க" என்றார். அவர் சொன்னதன் பொருள், சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்தும் எண்ணான எச்எஸ் குறியீட்டைப் படித்தபோதுதான் முழுமையாகப் புரிந்தது. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது. பருத்திச் சேலை தைத்த ஆடையாகக் கருதப்படாமல், நெய்த பருத்தித் துணியாக 52ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அங்கும் ஒரு சதுர மீட்டரின் எடை 200 கிராமுக்குள் இருந்தால் 5208, அதற்கு மேல் இருந்தால் 5209. என் சேலை ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: ஐந்தரை மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம், 650 கிராம் எடை. கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 103 கிராம். அன்று முதல் 'கைத்தறிப் பருத்திச் சேலை, தைக்கப்படாதது, 5.5 மீட்டர், இந்தியாவில் நெய்தது' என்று குறியீட்டுடன் எழுதுகிறேன். கொட்டான்களுக்கு 4602. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு சுங்கத்தில் விளக்கம் கேட்டு நிறுத்தப்படுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

மதிப்பைக் குறைத்துக் காட்டும்படியும், 'அன்பளிப்பு' என்று எழுதும்படியும் கேட்கும் வாடிக்கையாளர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். தொடக்கத்தில் ஒருமுறை, முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கத்தில், 9,000 ரூபாய்ச் சேலைக்கு 2,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெட்டி வழியில் தொலைந்துபோனது. இழப்பீடு, எழுதிய மதிப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. வாடிக்கையாளருக்கு முழுத் தொகையையும் நானே திருப்பிக் கொடுத்தேன். நெய்தவருக்குக் கூலி கொடுத்து வாங்கிய சேலை அது. வங்கிக்கு வந்த பணமும் ஏற்றுமதி ஆவணத்தின் தொகையும் பொருந்தாததால் வங்கிக்கும் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. விற்ற பொருளை அன்பளிப்பு என்று எழுதுவது பொய்யான அறிவிப்பு. பிடிபட்டால் தண்டனை வாங்குபவரையும் சேரும். இப்போது யார் கேட்டாலும் மறுக்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன். பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

நாடுகளில் ஐரோப்பிய ஒன்றியம்தான் எனக்கு அதிகப் பாடம் கற்பித்தது. 22 யூரோவுக்கு உட்பட்ட பெட்டிகளுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கு 2021 ஜூலை 1 அன்று நீங்கியது. அதற்கு முன்பும் என் சேலைகள் அந்த வரம்புக்குள் வந்ததில்லை; ஆனால் அதன் பிறகு சோதனை இறுகியது. ஜெர்மனியில் வரி 19 விழுக்காடு. அந்த வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு. 80 யூரோச் சேலைக்கு 15 யூரோ அனுப்பும் கட்டணம் என்றால் 95 யூரோவுக்கு வரி 18 யூரோ 5 சென்ட்; அதற்கு மேல், வரியை வசூலித்துத் தரும் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் தனி. இந்தக் கணக்கை நான் சொல்லாத காலத்தில், வாசலில் கேட்கப்பட்ட பணத்தைக் கண்டு தான் ஏமாற்றப்பட்டதாக எண்ணிய ஒரு வாடிக்கையாளர் பெட்டியை வாங்க மறுத்துவிட்டார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

150 யூரோ வரையிலான விற்பனைக்கு ஐஓஎஸ்எஸ் என்ற ஏற்பாடு உண்டு. விற்கும்போதே வரியை வசூலித்துவிட்டால் வாசலில் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள சிறு விற்பனையாளர் அதில் நேரடியாகப் பதிவுசெய்ய இடையாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். என் விற்பனை அளவுக்கு அது கட்டுப்படியாகாது. பெரிய விற்பனைத் தளங்கள் தங்கள் வரிப் பதிவு எண்ணிலேயே வரியை வசூலித்துக் கட்டிவிடுவதால், ஐரோப்பிய ஆர்டர்களையும் பிரிட்டன் ஆர்டர்களையும் அவற்றின் வழியாக மாற்றிக்கொண்டேன். பிரிட்டனில் 2021 ஜனவரி முதல் 135 பவுண்டு வரையிலான பொருளுக்கு விற்கும் இடத்திலேயே 20 விழுக்காடு வரி. தளத்தின் தரகு கூடுதல் செலவுதான். ஆனால் பெட்டி திரும்பி வருவது அநேகமாக நின்றுவிட்டது. இதில் ஒரு எச்சரிக்கை: தளம் கொடுக்கும் வரி எண்ணைத் தாளில் எழுதினால் மட்டும் போதாது, மின்னணு அறிவிப்பிலும் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்குபவரிடம் வரியை இரண்டாம் முறையும் கேட்பார்கள்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை, 2016 முதல் 800 டாலர் வரை வரியில்லாமல் பெட்டி போய்க்கொண்டிருந்ததால், என் விற்பனையில் பாதிக்கு மேல் அங்கேயே இருந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்த விலக்கு எல்லா நாடுகளுக்கும் முடிவுக்கு வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பே, ஆகஸ்ட் 25 முதல் இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற நடைமுறை அப்போது தெளிவாகவில்லை. தீபாவளிக்காகக் கட்டிவைத்த பதினொரு பெட்டிகள் என் வீட்டுத் திண்ணையில் அடுக்கியபடி இருந்தன. பதினொரு பேருக்கும் தனித்தனியே எழுதினேன். மூவர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். அக்டோபர் 15 அன்று சேவை மீண்டும் தொடங்கியபோது, வரியை அனுப்புபவரிடமே முன்கூட்டி வாங்கிக்கொள்ளும் முறை வந்தது. அன்றைய விகிதம் அறிவித்த மதிப்பில் 50 விழுக்காடு. 80 டாலர்ச் சேலைக்கு 40 டாலர் வரி என்பது கைத்தறிக்குப் பேரிடி. ஆனாலும் கவுண்டரிலேயே கட்டி முடித்துவிடுவதால் வாங்குபவருக்கு வாசலில் அதிர்ச்சி இல்லை என்பதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். இப்போது அமெரிக்க ஆர்டர் வந்தால், அனுப்பும் நாளின் விகிதத்தைப் பார்த்து, வரித் தொகையை விலையிலிருந்து பிரித்துத் தனியாகக் காட்டிய பிறகே பணம் பெறுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் பணத்தைவிடப் பெரிய கவலை உயிரிப் பாதுகாப்புச் சோதனை. புதுச் சேலையுடன் ஒரு மஞ்சள் கிழங்கு வைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை வெளிநாட்டுப் பெட்டிகளிலும் வைத்துவந்தேன். மெல்போர்னுக்குப் போன ஒரு பெட்டி நிறுத்தப்பட்டது. படிவத்தில் சேலை மட்டும். உள்ளே அறிவிக்கப்படாத ஒரு கிழங்கு. அழிப்பதா, திருப்பி அனுப்புவதா என்று கேட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் வந்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. மஞ்சளை அழித்துச் சேலையைக் கொடுத்தார்கள், ஐந்து வாரம் கழித்து. கொட்டான்களை இப்போது இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பூச்சியோ தூசியோ இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, 'உலர்ந்த பனையோலையால் முடைந்தது' என்று வெளிப்படையாக எழுதி அனுப்புகிறேன். வைக்கோல் திணிப்பதை அடியோடு விட்டுவிட்டேன்.

கொட்டானுக்கு இன்னொரு சிக்கல் அதன் பருமன். கூரியர் நிறுவனங்கள் நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண், உண்மையான எடையைவிட அதிகமாக இருந்தால், அதையே எடையாகக் கொள்கின்றன. 40, 30, 30 சென்டிமீட்டர்ப் பெட்டி, உள்ளே ஒன்றரைக் கிலோ ஓலைதான் இருந்தாலும், 7.2 கிலோவாகிவிடும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி அளவுகளை மாற்றி முடையச் சொல்லி, 30, 25, 20 பெட்டிக்குக் கொண்டுவந்தேன். கணக்கு 3 கிலோவாகக் குறைந்தது. முடையும் பெண்களே மூடிகளின் அளவைக் கச்சிதமாகத் திருத்திக் கொடுத்தார்கள்.

எதில் அனுப்புவது என்று கேட்பவர்களுக்கு: ஒன்றிரண்டு சேலைகளுக்கு அஞ்சல் துறையே போதும். 2022இல் தொடங்கப்பட்ட டாக் கர் நிர்யாத் கேந்திரா எனப்படும் அஞ்சலக ஏற்றுமதி மையம் வழியாக, சுங்கத்துக்கான அறிவிப்பாகிய அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியலை நாமே இணையத்தில் தாக்கல் செய்துவிடலாம். தடம் அறியும் சர்வதேசப் பொட்டலச் சேவையில் 5 கிலோ வரை குறைந்த கட்டணத்தில் போகிறது. முகூர்த்தத் தேதிக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் தனியார் கூரியர்.

அந்த ஏற்றுமதிப் பட்டியலின் நகலை எவரும் தூக்கி எறிய வேண்டாம். ஜெர்மனியில் வாங்க மறுக்கப்பட்ட சேலை மூன்று மாதம் கழித்து இந்தியாவுக்குத் திரும்பியபோது, இறக்குமதி வரி கேட்டார்கள். இது இங்கிருந்து போன அதே சேலைதான் என்று காட்ட, பட்டியலின் நகல், சேலையின் முந்திப் புகைப்படம், வாங்குபவர் மறுத்த தடக்குறிப்பு ஆகிய மூன்றையும் கொடுத்த பிறகே வரியின்றி விடுவித்தார்கள். மடிப்பு மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது. அதைக் கஞ்சி போட்டு மடித்து, உள்ளூரிலேயே விற்றேன்.