லாட்டரி: கேரள வழியா, தமிழ்நாட்டு வழியா?

அரசே விற்பதா, அடியோடு தடுப்பதா? கேரளம் 1967இல் தொடங்கி இன்றும் விற்கிறது; தமிழ்நாடு 2003இல் மூடிவிட்டது.

வருவாய்: அங்கே கஜானாவுக்கு, 2011இல் வந்த காருண்யா சீட்டின் லாபம் ஏழைகளின் சிகிச்சைக்கு. இங்கே சல்லிக்காசு கிடையாது.

நம்பகம்: அங்கே குலுக்கல் எல்லோரும் பார்க்க, முடிவு அரசிதழில். இங்கே திருட்டுத்தனமாகத் துண்டுச்சீட்டில் எழுதித் தரும், கடைசி மூன்று எண்ணை ஊகிக்கும் மூன்று நம்பர் லாட்டரி. பரிசு விழுந்து பணம் தராவிட்டால் போலீசிடமா போக முடியும்?

கூலிக்காரர் பை: தடையே மேல். கடை கண்ணில் படாவிட்டால் பலர் வாங்கமாட்டார்கள். கேரள எல்லையிலுள்ள வாளையார் தாண்டிப் போய் வாங்குகிறவர்கள் கதை வேறு.

சீட்டு விற்பனையே பலருக்குப் பிழைப்பாகிவிட்ட மாநிலத்துக்குக் கேரள வழி. ஒருமுறை மூடிய மாநிலம் மறுபடி திறக்க வேண்டியதில்லை. மூன்று நம்பர்காரர்களைப் பிடித்தால் போதும்.