பத்துப் பேர் சேர்ந்து வந்தால்: கல்லுக்கு எதிரே பலகையா, சேர்த்த மேஜையா, பந்தியா?

ஞாயிறு மாலை பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு வருகிற வேன் ஒன்று காரைக்குடியில் எங்கள் கடை வாசலில் நிற்கும். பதினோரு பேர் இறங்குவார்கள். "எல்லாரும் சேர்ந்தாற்போல உட்கார இடம் இருக்கிறதா?" என்று முதலில் இறங்குகிறவர் கேட்பார். அதற்குச் சொல்லும் பதிலில்தான் அடுத்த ஒரு மணி நேரம் நன்றாகப் போகுமா, கெடுமா என்பது இருக்கிறது.

எங்களிடம் மூன்று வழி உண்டு. தோசைக்கல்லுக்கு எதிரே ஸ்டூல் போட்ட உயரப் பலகை, கூடத்து மேஜைகள், பின்கட்டில் இலை போடும் நீள பெஞ்சு.

பலகையைத்தான் இளைஞர்கள் கேட்பார்கள். கல்லிலிருந்து எடுத்த சூட்டில் தோசை இலைக்கு வந்துவிடும், மாஸ்டரின் கைவேலையையும் பார்க்கலாம். ஆனால் பலகை 42 அங்குல உயரம், ஸ்டூல் 30 அங்குலம். அப்பத்தாவை அதில் ஏறச் சொல்ல எனக்கு மனம் வராது. இன்னொன்று, வரிசையாக உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரோடு மட்டுமே பேச முடியும். முதல் ஆள் சொல்வது ஐந்தாம் ஆளுக்குக் கேட்காது. ஆகவே பலகைக்கு மூன்று பேர்தான் அளவு. பலகை திரும்பும் மூலையில் என்றால் நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். அந்த மூலையைத் தனி ஆளுக்குக் கொடுத்து வீணாக்காதீர்கள்.

பலகையில் கடைக்காரருக்குத் தெரியாமல் நஷ்டம் தருவது நடுவில் விழும் ஒற்றை இடம். பத்து ஸ்டூலில் 2, 3-இல் ஒரு ஜோடி, 5, 6-இல் ஒரு ஜோடி, 8, 9-இல் ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு இடம் காலி, ஆனால் இரண்டு பேர் சேர்ந்து உட்கார ஓர் இடமும் இல்லை. ஓரத்திலிருந்து நெருக்கி உட்கார வைக்க வேண்டும். "ஓர் இடம் தள்ளி உட்காருங்கள்" என்பதைத் தண்ணீர் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முன்னால் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்வார்கள். இலை விழுந்த பிறகு எழுப்புவது மரியாதை இல்லை.

ஒருமுறை ஒன்பது பேரைப் பலகையில் வரிசையாக உட்கார வைத்தேன். ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்: நெய் ரோஸ்ட், வெங்காய ஊத்தப்பம், கல்தோசை. ரோஸ்ட்டுக்குக் கல் நன்றாகக் காய வேண்டும், ஊத்தப்பத்துக்குச் சூடு தணிய வேண்டும். மாஸ்டர் தண்ணீர் தெளித்துத் துடைப்பதும் மறுபடி காய விடுவதுமாக இருந்தார். பேரன் கை கழுவிவிட்டு வந்தபோதும் தாத்தாவின் இலை காலியாகவே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை உறுத்துகிறது.

சேர்த்த மேஜையில் முகம் பார்த்துப் பேசலாம், அவரவர் விரும்பியதையும் சொல்லலாம். ஐந்து முதல் எட்டுப் பேருக்கு அதுவே சரி. மேஜை வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். நாலு பக்கமும் ஒவ்வொருவர் உட்காரும் சதுர மேஜை மூன்று தனித்தனியாக 12 பேருக்கு ஆகும். வரிசையாகச் சேர்த்தால் எட்டே பேர். பக்கத்துக்கு இருவர் உட்காரும் நீள மேஜையில் இந்த இழப்பு கிடையாது.

பத்தைத் தாண்டினால் என் ஓட்டு பந்திக்குத்தான். செட்டிநாட்டு வீடுகளில் போஜன ஹால் என்று தனியாகக் கட்டியதே வரிசையாக இலை போட்டுப் பரிமாறத்தானே. ஆளுக்கு இரண்டடி வைத்தால் இருபதடி பெஞ்சில் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். பந்திக்கு உணவையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடியாப்பம் தட்டுத் தட்டாக ஒரே ஆவியில் வெந்து இறங்கும், எல்லா இலைக்கும் சேர்ந்து போகும். நாட்டுக்கோழிக் குழம்பும் அப்படியே. வெள்ளைப் பணியாரத்தை எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்க வேண்டும். பெரிய கூட்டத்துக்கு அதை நடுவில் வைத்தால் பந்தி நின்றுவிடும். காலையிலேயே போனில் சொல்லிவிட்டால் எங்களுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. குறை ஒன்று உண்டு: காரம் தாங்காத பிள்ளைக்குத் தனியாக ஒன்று வேண்டும். அதைக் கவனிக்கத்தான் பந்தி விசாரிக்க ஓர் ஆள். இலையைப் பார்த்தே அவர் கேட்டுவிடுவார்.

பில் விஷயம். பலகையில் ஓரத்து ஸ்டூலிலிருந்து எண் போட்டு, சீட்டில் எண்வாரியாக எழுதினால் தனித்தனிப் பில் கேட்டாலும் தடுமாற வேண்டாம். மேஜையில் ஆர்டரை ஒருவர் சொல்லட்டும், காப்பியை மட்டும் ஆளாளுக்குக் கேளுங்கள். சர்க்கரை வேண்டாதவர் ஒருவராவது இருப்பார். பந்திக்கு ஒரே பில்தான். பணம் யார் கொடுப்பது என்பதை உட்காரும்போதே மெல்லக் கேட்டுவிடுவது நல்லது. கல்லா முன் மாமாவும் சித்தப்பாவும் "நான் கொடுக்கிறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இங்கே வாடிக்கை. கூட்டம் பெரிது என்பதற்காகச் சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே இதை வழிகாட்டுதலாகச் சொல்லிவிட்டது.

அந்த வேன்காரர்களுக்கு இப்போது நான் செய்வது இதுதான். பிள்ளைகள் மூன்று பேர் பலகை மூலைக்கு ஓடினால் விட்டுவிடுகிறேன். மீதி எட்டுப் பேருக்கும் பின்கட்டில் இலை. அங்கே இடியாப்பத்தட்டு இறங்கும் நேரம் பார்த்துத்தான் பிள்ளைகளின் தோசையை ஊற்றச் சொல்கிறேன்.