மாம்பழ விலைப் பட்டியலின் தேடல் பெட்டி: மூன்று லைப்ரரிகள், ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாம்பழ வரத்தையும் விலையையும் இணையப் பக்கத்தில் வெளியிட முனைவோருக்கு அட்டவணையை வரைவது எளிது. அதைச் சுற்றித் தாமாகவே வந்து நிற்கும் தேடல் பெட்டி, பக்க எண்கள் போன்றவற்றை விவசாயியின் கைப்பேசிக்கு ஏற்ப ஒழுங்குபடுத்துவதுதான் கடினம். டேட்டாடேபிள்ஸ், டேபுலேட்டர், ஏஜி கிரிட் ஆகிய மூன்று லைப்ரரிகளும், அதாவது இணையப் பக்க அட்டவணைக்கான ஆயத்த நிரல் தொகுப்புகளும், இதற்கு வழி தருகின்றன என்றாலும், அவை செல்லும் பாதைகள் வேறு.

டேட்டாடேபிள்ஸை எந்த மாற்றமும் செய்யாமல் இயக்கினால், ஒரு பக்கத்தில் 10, 25, 50, 100 என எத்தனை வரிகள் வேண்டும் என்று கேட்கும் பெட்டியும் தேடல் பெட்டியும் மேலே வரும். மொத்த வரிகளைச் சொல்லும் தகவல் வரியும் பக்க எண்களும் கீழே வரும். பழைய பதிப்புகளில் இவற்றை இடம் மாற்ற, 'டாம்' என்னும் விருப்பத்தில் கருவிக்கு ஓர் ஆங்கில எழுத்தாக அடுக்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் கழித்து அந்த எழுத்துக் கோவையைத் திறந்து பார்ப்பவருக்கு எது எதைக் குறிக்கிறது என்று எளிதில் விளங்காது. 2024இல் வந்த இரண்டாம் பதிப்பின் 'லேஅவுட்' விருப்பம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. மேல் இடப்புறம், மேல் வலப்புறம், கீழ் இடப்புறம், கீழ் வலப்புறம் என இடங்களுக்கே பெயர் இருப்பதால், எந்த இடத்தில் எந்தக் கருவி என்று நேரடியாக எழுதலாம். வேண்டாத இடத்தில் வெற்று மதிப்பைக் கொடுத்தால் அங்கிருந்த கருவி மறைந்துவிடும். இருபது வரிகளே உள்ள அன்றாட விலைப் பட்டியலில் பக்க எண்களுக்கு வேலையே இல்லை. தேடல் பெட்டியை மட்டும் வைத்து, அதன் சொற்களை 'லாங்குவேஜ்' விருப்பத்தில் தமிழாக்கிவிட்டால் போதும்.

தேடலில் இன்னொரு வசதியும் உண்டு, அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். கூழ் ஆலைகளுக்குப் போகும் பழத்தை ஒருவர் பெங்களூரா என்பார், இன்னொருவர் தோத்தாபுரி என்பார். மாற்றுப் பெயர்களையும் ஆங்கில எழுத்துக் கூட்டல்களையும் ஒரு நெடுவரிசையில் எழுதி அதைத் திரையிலிருந்து மறைத்துவிட்டாலும், டேட்டாடேபிள்ஸ் அதற்குள்ளும் தேடும். ஏஜி கிரிட்டின் விரைவுத் தேடல் இயல்பாகத் திரையில் தெரியும் நெடுவரிசைகளோடு நின்றுவிடுகிறது. மறைத்தவற்றைச் சேர்க்கத் தனி விருப்பத்தை இயக்க வேண்டும்.

டேபுலேட்டரில் எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்துத் தேடும் ஒரே பெட்டி இயல்பாக வருவதில்லை. அதை நாமே செய்துகொள்ள வேண்டும். அதற்கு மாறாக, ஒவ்வொரு நெடுவரிசைத் தலைப்பின் கீழும் வடிகட்டியை ஒரே வரியில் அமைத்துவிடலாம். தாலுகா நெடுவரிசைக்கு ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, பர்கூர் என்று அட்டவணையில் உள்ள மதிப்புகளிலிருந்தே தெரிவுப் பட்டியலை அது உருவாக்கித் தரும். கணினித் திரையில் கணக்குப் பார்க்கும் மண்டி எழுத்தருக்கு இது மிகவும் பொருந்தும், ஆனால் கைப்பேசியின் குறுகிய திரையில் நான்கு வடிகட்டிகள் நெருக்கியடித்து நிற்கும். ஜேகுவெரி என்னும் பொதுவான நிரல் தொகுப்பின் துணையின்றி இயங்குவது இதன் கூடுதல் பலம். டேட்டாடேபிள்ஸின் இரண்டாம் பதிப்புக்கு அந்தத் துணை தேவை.

ஏஜி கிரிட் பல்லாயிரம் வரிகளையும் தயக்கமின்றிக் கையாளும். எனினும், மதிப்புகளை டிக் செய்து தேர்ந்தெடுக்கும் வடிகட்டியும் எக்செல் ஏற்றுமதியும் கட்டணப் பதிப்பில்தான் உள்ளன. இலவசப் பதிப்பில் சிஎஸ்வி எனப்படும் எளிய உரைக் கோப்பு ஏற்றுமதியோடு நிறைவடைய வேண்டும். ஆலையின் கொள்முதல் பிரிவு அந்தச் செலவை ஏற்கலாம்; உழவர் குழுவின் பக்கத்துக்கு அது தேவையற்றது.

சிக்னல் தடுமாறும் அஞ்செட்டி மலைப்பகுதியை நினைத்தால் எனக்கு முடிவெடுப்பது எளிதாகிறது. டேட்டாடேபிள்ஸ் பக்கத்தில் எச்டிஎம்எல் என்னும் இணையப் பக்க மொழியில் ஏற்கெனவே எழுதப்பட்ட அட்டவணையின் மேல் கருவிகளைப் பொருத்துகிறது. லைப்ரரியின் நிரலான ஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டாலும் அன்றைய விலை படிக்கக் கிடைக்கும். டேபுலேட்டரும் அப்படிப்பட்ட அட்டவணையை எடுத்துக்கொள்ளும். ஏஜி கிரிட் வெற்றுப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் தானே வரைவதால், ஸ்கிரிப்ட் இல்லையேல் ஒன்றும் தெரியாது. ஆகவே பொதுமக்கள் பார்க்கும் விலைப் பட்டியலுக்கு 'லேஅவுட்' விருப்பத்துடன் டேட்டாடேபிள்ஸையும், மண்டிக்குள் புழங்கும் வரத்துப் பதிவேட்டுக்கு டேபுலேட்டரையும் நான் பரிந்துரைக்கிறேன்.