தேய்ந்த வெள்ளி ரூபாயில் வருடம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள்

மும்பையில் இருக்கிற நம்மவர்கள், முக்கியமாக வீட்டில் ஆச்சி விட்டுப்போன ராணித்தலை ரூபாய் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஜவேரி பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் எனக்கு நடந்தது இது.

எங்கள் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தபோது கழுத்துக் கயிற்றில் ஐந்து வெள்ளி ரூபாய் கோத்துப் போட்டிருந்தாள். மூன்று விக்டோரியா, இரண்டு ஐந்தாம் ஜார்ஜ். தலை வெளியே தெரியும்படி போட்டதால் பின்பக்கம் எத்தனையோ வருடம் நெஞ்சில் உரசி உரசி வழுவழுவென்று ஆகிவிட்டது. வருடம் இருப்பது அந்தப் பின்பக்கத்தில்தான். அம்மாவுக்கு வயதாகிறது, அது எந்த வருடத்துக் காசு என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசைப்பட்டாள். நானும் அதற்காகத்தான் போனேன், விற்கிற எண்ணமே அப்போது இல்லை.

அந்தச் சந்தில் காசில் வருடம் எடுத்துத் தருகிற ஆளிடம் என்னை அறிமுகம் செய்துவைத்தவர் தமிழ்க்காரர். "அக்கா, தேஜாப்ல ஒரு நிமிஷம் முக்கினா எழுத்து தானா மேல வரும், ராஜா முகத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். தேஜாப் என்றால் திராவகம். ஒரு காசுக்கு 800 ரூபாய், ஐந்துக்கும் 4,000. கொடுத்தேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் இதில் ஆபத்து. அச்சில் அடிக்கும்போது எழுத்துக்கு அடியில் இருக்கிற உலோகமும் இறுகிவிடும், மேலே உள்ள மேடு தேய்ந்த பிறகும் அந்த இறுக்கம் உள்ளே இருக்கும், திராவகம் இறுகிய இடத்தையும் இறுகாத இடத்தையும் ஒரே மாதிரி அரிக்காததால் எழுத்து நிழல் போலத் தெரியும். அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை வந்த காட்டெருமை போட்ட ஐந்து சென்ட் நாணயத்தில் ஃபெரிக் குளோரைடு விட்டு இப்படித்தான் தேதி எடுக்கிறார்கள். ஆனால் அது 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். அதிலேயே திராவகம் பட்ட காசுக்குச் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். நம் ரூபாய் 91.7 சதவீதம் வெள்ளி. தேஜாப் என்று அங்கே சொல்கிற நைட்ரிக் ஆசிட் வெள்ளியையே கரைத்துவிடும்.

நான்கு நாள் கழித்து ஃபோன் வந்தது. ஒரு ஜார்ஜ் ரூபாயில் 1911 வந்திருக்கிறதாம், அதற்கு ஐம்பதாயிரம் கிடைக்குமாம், வாங்க ஆள் ரெடியாம், ரிசர்வ் வங்கி சர்டிபிகேட்டுக்கு மட்டும் 6,000 அனுப்ப வேண்டுமாம். அனுப்பிவிட்டேன். அம்மாவின் மருந்துச் செலவுக்கு ஆகுமே என்று நினைத்தேன். அப்புறம் சர்டிபிகேட்டும் வரவில்லை, வாங்குகிறவரும் வரவில்லை. மூன்று முறை அலைந்த பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரில் காசுகளை மட்டும் திருப்பித் தந்தார்கள். பழைய காசு, நோட்டு விற்க ரிசர்வ் வங்கி எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, அதன் பெயரில் கேட்டால் நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டிலேயே எச்சரிக்கை விட்டிருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

மாட்டுங்காவில் நாணயம் சேர்க்கிற ஒரு மாமாவிடம் கொண்டுபோனேன். லென்ஸை என் கையில் கொடுத்து, "நீயே பாரும்மா" என்றார். நிஜமான காசில் எண்கள் மேடாக எழும்பி நிற்கும். இதில் 1911 பள்ளமாக இருந்தது, உளியால் கீறியது, அதில் இரண்டாவது '1' என்ற எண்ணின் ஓரத்தில் உளி வழுக்கிய கோடு கூடத் தெரிந்தது. அப்புறம் முன்பக்கம், ராஜா அங்கியில் இருக்கிற குட்டி யானையைக் காட்டினார். 1911-ல் வந்த ரூபாயில் தும்பிக்கை குட்டையாக, யானை பன்றி மாதிரி தெரிந்ததால் பெரிய எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் யானையைத் திருத்தி வரைந்தார்கள். அந்த 1911-ஐத்தான் பன்றி ரூபாய் என்பார்கள், அதற்குத்தான் கூடுதல் விலை. எங்கள் காசில் தும்பிக்கை நீளமாகத் தெளிவாக இருந்தது. அது 1912-லோ அதற்குப் பிறகோ அடித்த காசு, எண்ணை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

விக்டோரியா காசுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்றிலும் தலைக்குப் பக்கத்தில் விக்டோரியா குயீன் என்று இருந்தது, எம்பிரஸ் என்று இல்லை. 1862 முதல் 1873 வரை அடித்த ரூபாய் எல்லாவற்றிலும் 1862 என்றே போட்டார்கள், எம்பிரஸ் என்று மாறியது 1877-ல்தான். அதனால் இந்த மூன்றையும் திராவகத்தில் முக்காமலே ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லியிருக்கலாம். பம்பாய் அக்கசாலையில் அடித்தவற்றில் பூவுக்கும் தேதிக்கும் கீழே சின்னப் புள்ளிகள் இருக்கும், அவற்றை எண்ணித்தான் உண்மையான வருடத்தைக் கணிப்பார்களாம். நான் கொடுக்கும் முன் எடுத்த ஃபோட்டோவில் ஒரு காசில் பூவுக்குக் கீழே அந்தப் புள்ளிகள் மங்கலாகத் தெரிகின்றன. இப்போது அந்த இடம் பொரிந்து, வெறும் குழிக்குழியாகக் கிடக்கிறது.

எடையும் குறைந்திருக்கிறது. முழு ரூபாய் 11.66 கிராம். தேய்ந்த எங்கள் ஐந்தும் கொடுப்பதற்கு முன் தாராவி நகைக்கடைத் தராசில் 56.1 கிராம், திரும்பி வந்தபோது 52.7.

சரி, வருடம் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் இருட்டில் ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, காசை மெல்லத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மெல்லிய காகிதத்தை மேலே வைத்து பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தும் பார்க்கலாம். பாலிஷ், பல்பொடி, புளி எதுவும் போடாதீர்கள். யாரிடம் கொடுத்தாலும் இரண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து, எடை எழுதி, கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு ஃபோன் அடியுங்கள், நான் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அடித்தேன்.

இன்னொரு விஷயம். அந்த ஆள் இப்போது செய்த வேலைக்கு மாதிரி என்று சில படங்களை வாட்ஸப்பில் அனுப்புகிறார், என் தம்பிக்கே வந்தது. அதில் 1911 போட்ட ஒரு ஜார்ஜ் ரூபாய் இருக்கும், மேல் விளிம்பில் வளையம் பிய்ந்த தழும்போடு. அது எங்கள் ஆச்சியின் காசு.