நான்கு கிலோ மரத்துப்பாக்கி: சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை வழிநடை

சிங்கப்பூரில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் வரலாற்று வழிநடைகளில் ஒன்று, இந்திய தேசிய ராணுவத்தின் (ஐஎன்ஏ) பெண்கள் பிரிவாக 1943-ல் இங்கே தோன்றிய ஜான்சி ராணிப் படையின் தடங்களைத் தொட்டுச் செல்கிறது. தோபி காட் எம்ஆர்டி நிலைய வாசலில் எட்டரை மணிக்குக் கூடி, கேத்தே கட்டடம், வாட்டர்லூ ஸ்திரீட், பாடாங், எஸ்பிளனேட் பூங்கா ஆகிய நான்கு இடங்களில் நின்று, பதினொரு மணிக்கு முடிக்கிறார்கள். தலைக்கு 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நடத்துவது மூன்று நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனம். பாராட்டும் குறையும் கலந்து எழுத வேண்டியிருப்பதாலும், பெயரைச் சொன்னால் வழிகாட்டி யார் என்பது உடனே தெரிந்துவிடும் என்பதாலும், அதைத் தவிர்க்கிறேன்.

கேத்தே கட்டடத்தில் 1939-ல் கட்டிய முகப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதன் பின்னால் உள்ளதெல்லாம் புதியது. 1943 ஜூலை 4 அன்று ராஷ் பிகாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை சுபாஷ் சந்திர போஸ் ஏற்றதும், அக்டோபர் 21 அன்று ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவித்ததும் இதே கட்டடத்தின் அரங்கில்தான். அந்த அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1940-ல் சிங்கப்பூருக்கு வந்து, ஏழைத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன், இந்தப் படையின் தளபதி. வழிகாட்டி இவற்றையெல்லாம் தேதி பிசகாமல் சொல்கிறார், குரலும் நன்றாக எடுக்கிறது. ஆனால் இங்கே நின்ற முப்பத்தைந்து நிமிடத்தில் முப்பது நிமிடம் போஸ் ஜெர்மனியிலிருந்து ஆசியாவுக்கு வந்த நீர்மூழ்கிக் கப்பலுக்கும் ஜப்பானியருடன் நடத்திய தோக்கியோ பேச்சுவார்த்தைக்கும் போய்விட்டது. பெண்கள் படை என்று விளம்பரப்படுத்திய வழிநடையில் பெண்களுக்கு ஐந்து நிமிடம் என்பது கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது.

இந்த வழிநடைக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றியது வாட்டர்லூ ஸ்திரீட்டில்தான். 1943 அக்டோபர் 22 அன்று இந்தத் தெருவில்தான் பெண்களுக்கான பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. இன்று அதன் சுவடு எதுவும் கண்ணில் படாது. ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் வாசலில் ஊதுபத்தி ஏற்றும் சீன பக்தர்களும் பூக்கடைகளுமே தென்படுகின்றன. கோயிலைத் தாண்டி ஓரமாக நம்மை நிறுத்தி, வழிகாட்டி ஒரு துணிப்பையிலிருந்து மரத்தில் செய்த துப்பாக்கி ஒன்றை எடுக்கிறார். அந்நாளைய .303 துப்பாக்கியின் எடை வரும்படி உள்ளே இரும்புப் பட்டை வைத்துச் செய்தது, ஏறக்குறைய நான்கு கிலோ. அதைத் தோளில் சார்த்தி, முழங்கையை உடலோடு ஒட்டி, இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்கிறார். ஒரு நிமிடத்திலேயே எனக்கு மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியது. பிறகுதான் கதையைச் சொல்கிறார். ஜூலை 12 அன்று, முகாம் என்ற ஒன்றே இல்லாதபோது, லட்சுமி இருபது பெண்களைத் திரட்டி, சேலை கட்டிய கோலத்திலேயே இந்தத் துப்பாக்கிகளைப் பிடிக்கப் பழக்கி, போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்க வைத்திருக்கிறார். கை வலிக்க வலிக்கக் கேட்டதாலோ என்னவோ, பலமுறை படித்திருந்த அந்தச் செய்தி அன்றுதான் எனக்கு உறைத்தது.

முகாமுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் மலாயாத் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் என்பதையும், சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே சமையலைச் சாப்பிட்டார்கள் என்பதையும் வழிகாட்டி குறிப்பிட்டார். எந்த வாழ்க்கையிலிருந்து அவர்கள் வந்தார்கள் என்பதை அவர் விரித்துச் சொல்லவில்லை. ரப்பர் பால்மரக் காட்டில் விடியலுக்கு முன்பே பால் வெட்டுக்குப் போய், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டுக்குத் திரும்பிச் சமைத்து, மேற்பார்வை செய்யும் கங்காணியின் வாய்க்கும் கண்ணுக்கும் தப்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். 1920களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியே ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றுதான் இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனபோது, அரிசியும் கூலியும் இல்லாமல் தோட்டங்களில் தவித்தவர்களும் இவர்களே. படையில் சேர்ந்தால் சீருடையும் சாப்பாடும் கிடைக்கும், பெயரைச் சொல்லி மரியாதையாக அழைப்பார்கள் என்பது இந்திய விடுதலைக்கு நிகரான காரணமாகச் சிலருக்காவது இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அதைச் சொல்வதால் அவர்களுடைய தியாகம் ஒரு மாற்றும் குறையாது.

எங்கள் குழுவில் ஜொகூரிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், மரத்துப்பாக்கியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கல்மேடையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க பெரியம்மா இதுல இருந்தாங்கம்மா. திரும்பி வந்தப்போ முடி கழுத்து வரைக்கும்தான் இருந்துச்சாம். முடி வளர்ற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால முக்காடு போட்டுத்தான் நிக்க வச்சாங்களாம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். வழிகாட்டி அதற்குள் முன்னால் நடந்துவிட்டிருந்தார்.

பாடாங் திடலில் புதிதாக ஒன்றும் இல்லை, வெயில்தான் இருந்தது. எஸ்பிளனேட் பூங்காவில், 1945 ஜூலை 8 அன்று போஸ் அடிக்கல் நாட்டிய ஐஎன்ஏ நினைவுச்சின்னத்தையும், பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அதை இடித்துத் தள்ளியதையும், 1995-ல் அந்த இடத்தில் வைக்கப்பட்ட நினைவுப் பலகையையும் விளக்கி, கைதட்டலோடு நடையை முடித்துவிடுகிறார்கள். என் பெரிய மனக்குறை இந்த முடிவைப் பற்றியது. 1945-ல் கதை முடிந்துவிடவில்லை. ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிப் பல நாட்கள் கால்நடையாகப் பின்வாங்கிய அந்தப் பெண்கள் வீடு திரும்பி என்ன ஆனார்கள் என்பதில்தான் பெண்களின் நிலை மாறியதா இல்லையா என்ற கேள்விக்கு விடை இருக்கிறது.

கோலாலம்பூரின் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், படையின் மூத்த அதிகாரிகளில் ஒருவராக இருந்து, 1946-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது அதில் முன்னின்று, பிறகு மேலவை உறுப்பினராகவும் ஆனார். பதினாறு வயதளவில் அக்காளுடன் சேர்ந்து படைக்குப் போன ராசம்மா பூபாலன் ஆசிரியராகி, 1960-ல் பெண் ஆசிரியர்களுக்கெனச் சங்கம் தொடங்கி, ஆண்களுக்கு இணையான சம்பளம் கேட்டுப் போராடினார். தோட்டங்களில் நடந்ததும் சிறிதல்ல. 1946, 47-ல் மலாயாவின் கெடா மாநிலத்தில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியபோது, ஐஎன்ஏவில் பயிற்சி பெற்றவர்கள் அதில் இருந்தார்கள், கணவனின் கூலியைக் கள்ளுக்கடையில் இழந்துகொண்டிருந்த பெண்களும் மறியலில் நின்றார்கள். இன்னொரு பக்கம், முக்காடு போட்டு நின்ற பெரியம்மாக்கள் எத்தனையோ பேர். லட்சுமியோ கான்பூரில் முதுமை வரை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவற்றில் 2002-ல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் நின்றது மட்டும் வழிகாட்டியின் பேச்சில் போகிறபோக்கில் வந்துபோனது.

சேவையைப் பொறுத்தவரை, காதில் மாட்டிக்கொள்ளக் கொடுக்கும் ஒலிக்கருவி எனக்கு இரண்டு முறை அறுந்துபோனது. மாற்றுக் கருவி கேட்டபோது இல்லை என்றார்கள். நடை ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. பதிவு செய்யும்போது ஆறு பேராவது சேர்ந்து கேட்டால் தமிழில் நடத்துகிறார்கள், கட்டணம் அதேதான். வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் மடக்கு நாற்காலி ஒன்று கேளுங்கள், தருகிறார்கள். பாடாங்கில் நிழல் குறைவு, குடை அவசியம்.

நடை முடிந்ததும் வழிகாட்டியிடம் தனியாக என் குறையைச் சொன்னேன். "எனக்கும் தெரியும்க்கா, எழுதிக் கொடுத்த குறிப்பு பலகையோட முடியுது" என்றவர், ஜொகூர் அம்மா எங்கே என்று தேடினார். அவர் பூங்காவின் மறுபக்கம் டாக்சிக்காகக் காத்திருந்தார். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வழிகாட்டி அந்தப் பக்கம் ஓடினார்.