சட்டத்தைத் திருத்தவா, ஆளைப் போடவா?

எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்பில் போன மாதம் இரண்டு மனுக்களை எழுதி வைத்திருந்தோம். திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒன்றை மட்டும் கொடுப்பது என்று பேச்சு. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணையை, அதாவது பெண்ணைத் தொல்லை செய்யாதே என்று கோர்ட் போடும் உத்தரவை, மீறுகிறவருக்குத் தண்டனையைக் கூட்டச் சொன்னது முதல் மனு. சட்டம் இருக்கிறபடி இருக்கட்டும், அந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவவேண்டிய அரசு அதிகாரியான பாதுகாப்பு அலுவலரைத் தாலுகாவுக்கு ஒருவராக, முழுநேரமாகப் போடுங்கள் என்றது இரண்டாவது. நான் இரண்டாவதற்குக் கை தூக்கினேன். அக்கா மகளோடு ஒரு வருடம் கோர்ட்டுக்கு நடந்ததில் வந்த முடிவு அது.

முதல் மனுவிலும் நியாயம் உண்டு. 2005-ல் எழுதப்பட்ட சட்டம் அது. ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்றைக்கு 20,000 ரூபாயைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் குறைவு. சட்டத்தைத் தொட்டே ஆகவேண்டிய இடங்களும் இருக்கின்றன. குடும்ப உறவில்லாத ஒருவன் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 2005 சட்டம் உதவாது. அப்படிப்பட்டவன் அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளத் தடை போடும் பாதுகாப்பு ஆணை, பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 1998 சட்டத்துக்கு 2025 ஜனவரியில் நிறைவேறிய திருத்தத்தில்தான் வந்தது. அதைப் பயன்படுத்திய யாரையும் நான் இன்னும் சந்தித்ததில்லை. அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் பேசவில்லை.

“மைனி, திருத்தத்துக்கு என்ன செலவு? ஒரு பேப்பர்தானே?” என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். அந்தப் பேப்பருக்குப் பின்னால் புது விதிகள், புதுப் படிவங்கள், போலீசுக்கும் கோர்ட்டுக்கும் பயிற்சி எல்லாம் வரும். மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய தண்டனைச் சட்டப் பிரிவு 498ஏ, 2024 ஜூலை 1-ல் போய், புதுச் சட்டத்தில் பிரிவு 85, 86 வந்தது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஸ்டேஷனில் எழுதுகிறார்கள். அப்புறம், ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது டெல்லி வரை போய்த்தான் தீரும். மாமியார் பேரில் இருக்கிற வீட்டில் மருமகள் குடியிருக்க உரிமை கேட்க முடியாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2020 ஆனது. இடையில் 14 வருடம். வீடு மாமனார் மாமியார் பேரில் இருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். எத்தனை பேர் பெட்டியோடு தாய்வீடு திரும்பியிருப்பார்கள்!

எனக்கு முடிவைத் தீர்மானித்தது நோட்டீஸைக் கொண்டுசேர்க்கிற வேலை. பாதிக்கப்பட்ட பெண் கோர்ட்டில் மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயற்சி என்கிறது சட்டம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸை இரண்டு நாளுக்குள் சேர்க்கும் பொறுப்பு பாதுகாப்பு அலுவலருடையது. கூடுதல் நேரம் தர நீதிபதிக்கு இடமுண்டு. அந்தக் கூடுதல் நேரம்தான் எங்களுக்கு ஏழு வாரமாக நீண்டது. அக்கா மகளின் கணவனுக்குக் களியக்காவிளை தாண்டி கேரளத்தில் வேலை. இரண்டு தடவை ‘ஆள் இல்லை’ என்று நோட்டீஸ் திரும்பி வந்தது. நோட்டீஸ் இல்லாமலே இடைக்கால ஆணை கேட்கலாம் என்று கேட்டுப் பார்த்தோம். எதிர்த்தரப்பையும் கேட்ட பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த ஏழு வாரமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அடிக்கும், அவள் நடுங்குவாள். மீறுவதற்கு ஆணையே கைக்கு வராதபோது, தண்டனை ஓராண்டா ஐந்தாண்டா என்பதில் அவளுக்கு என்ன வித்தியாசம்?

ஒவ்வொரு வாய்தாவிலும் நீதிபதி, குமாஸ்தா, இலவச சட்ட உதவி வக்கீல் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் சம்பளம் அரசுப் பணம். நோட்டீஸ் சேராததால் ‘அடுத்த தேதி’ என்று சொல்லவே அந்த நேரமெல்லாம் போனது. அவளுக்கோ அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், ஒரு நாள் கூலி போச்சு. தாலுகாவில் ஓர் ஆள் இருந்து, நேரில் போய்ச் சேர்த்து, சேர்த்த தேதியை எழுதிக்கொடுத்திருந்தால் இவ்வளவும் மிச்சம். சரி, அந்த ஆளுக்கும் செலவுதான். மாதாமாதம் சம்பளம், பயணப்படி, உட்கார ஓர் அறை. திருத்தத்தை ஒரே நாளில் அறிவித்துவிடலாம். இதை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஒதுக்கவேண்டும். கேட்டு வாங்கக் கஷ்டமானது இதுதான் என்பது தெரிந்தே கேட்கிறோம். எங்கள் மாவட்டத்தில் ஆறு தாலுகா, ஆறு பேர்.

மாவட்ட, தாலுகா அளவில் பெண்கள், குழந்தைகள் நலத்துறை அதிகாரிகளைப் பாதுகாப்பு அலுவலர்களாக நியமிக்கும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஏற்கெனவே பத்து வேலை பார்ப்பவரின் தலையில் இதைப் பதினொன்றாவதாகக் கட்டினால் நோட்டீஸ் மறுபடியும் மேஜையில்தான் கிடக்கும். அதனால்தான் ‘முழுநேர’ என்ற சொல்லை மனுவில் விடாமல் வைத்தோம். நான் உள்ளே போய்ப் பார்த்தது ஒரே வழக்கு, ஒரே கோர்ட். வள்ளவிளையிலோ தோவாளையிலோ இருக்கிற ஒருத்திக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

மனு கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. அதில் கடைசி வரியை அக்கா மகளே சொல்லி எழுத வைத்தாள்: நோட்டீஸ் சேர்ந்த அன்றே, மனு கொடுத்த பெண்ணின் போனுக்கு ஒரு தகவல் வரவேண்டும்.