தலைசுற்றலுக்கு மாத்திரையா, எப்ளியா?

"கிர்ருன்னு சுத்துது டாக்டர்" என்று போனால் பிபி பார்ப்பார்கள், சுகர் பார்ப்பார்கள். இரண்டும் சரியாக இருந்தால் ஒரு அட்டை பீட்டாஹிஸ்டின் எழுதித் தருவார்கள். பல வீடுகளில் அந்த மாத்திரை மாதக்கணக்கில் ஓடும். தீர்ந்தால் மெடிக்கல் ஷாப்பில் காலி அட்டையைக் காட்டி அடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். மாத்திரையே இல்லாமல், கட்டிலில் படுக்க வைத்துத் தலையைத் திருப்பியே சரிசெய்யும் எப்ளி என்ற வைத்தியமும் இருக்கிறது. கேட்டால் சட்டென்று நம்பிக்கை வராது. இரண்டில் எது மேல் என்று முடிவு செய்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சுற்றல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது?

படுக்கையில் புரளும்போது, கொடியில் துணி போட அண்ணாந்து பார்க்கும்போது, குனிந்து நிமிரும்போது அறையே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் பிபிபிவி, அதாவது தலை அசைவால் திடீரென வந்து போகும் உள்காதுச் சுற்றல். இருபது நிமிடத்திலிருந்து பல மணி நேரம் வரை சுற்றி, ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் சேர்ந்து, காது கேட்பதும் கூடிக் குறைந்தால் மெனியர் நோயாக இருக்கலாம். நாள்கணக்கில் விடாமல் சுற்றி வாந்தியும் எடுத்தால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வரும் சுற்றல் இன்னொரு வகை. பேச்சு குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, கையோ முகமோ ஒரு பக்கம் தளர்வது, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் போவது, இதுவரை வராத கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று கூட இருந்தாலும் இந்த அலசலை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். பக்கவாதமாக இருக்கலாம்.

இங்கே அதிகம் பேசப்போவது பிபிபிவி பற்றித்தான். வெர்டிகோ எனப்படும் இந்தச் சுழலும் தலைசுற்றல்களில் அதிகம் பேருக்கு வருவதும் அதுதான், தவறான மருந்தை அதிகம் விழுங்க வைப்பதும் அதுதான். உள்காதில் யூட்ரிகிள் என்ற பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. வயதாலோ, தலையில் அடிபட்டோ, பல நேரம் காரணமே தெரியாமலோ சில துகள்கள் கழன்று பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாயில் இறங்கிவிடுகின்றன. தலை அசைந்ததும் அவை உருண்டு குழாயிலுள்ள திரவத்தைத் தள்ள, தலை சுழல்வதாக மூளைக்குத் தப்பான சேதி போகிறது. செருப்புக்குள் கல் ஏறினால் வலி மாத்திரையா போடுகிறோம்? கழற்றி உதறுகிறோம்.

முதலில் மாத்திரைகள். வெர்டின் என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான பீட்டாஹிஸ்டின், இடம் மாறிய துகளைத் திரும்பக் கொண்டுபோகாது. இந்த மருந்து பெரிதும் கொடுக்கப்படும் மெனியர் நோயிலேயே அதன் பலன் கேள்விக்குரியது. ஜெர்மனியில் நடந்து 2016-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 9 மாதம் பீட்டாஹிஸ்டின் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவில் இதற்கு மருந்துகளை அனுமதிக்கும் அமைப்பான எஃப்டிஏவின் அங்கீகாரம் கிடையாது. பெரிய கெடுதல் செய்யாது, அது உண்மை. ஆனால் ஆஸ்துமாவோ வயிற்றுப்புண்ணோ இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

ஸ்டெமெட்டில், ஸ்டுஜெரான் மாத்திரைகளின் கதை வேறு. வாந்தியையும் சுற்றலையும் இவை உண்மையிலேயே அடக்கும். நரம்பு அழற்சியில் எழுந்து உட்காரக்கூட முடியாத முதல் இரண்டு மூன்று நாளைக்கு இவற்றுக்கு இணை இல்லை. எப்ளி அங்கே உதவாது. அதற்குமேல் தொடர்ந்தால்தான் வினை. இந்த மருந்துகள் சமநிலை உணர்வையே மழுங்கடிப்பதால், பாதிப்புக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொள்வது தள்ளிப்போகும். வயதானவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினால் கைநடுக்கமும் நடையில் தளர்ச்சியுமாகப் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகள் வரலாம். "வயசாயிடுச்சு, அதான் கை நடுங்குது" என்று சொல்வதற்கு முன் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இனி எப்ளி. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இருந்த காது மருத்துவர் ஜான் எப்ளி இதை 1980 வாக்கிலேயே செய்துகாட்டியபோது சக மருத்துவர்கள் சிரித்தார்கள். அவருடைய கட்டுரை அச்சேற 1992 வரை ஆனது. இன்று உலகமெங்கும் பிபிபிவிக்கு முதல் சிகிச்சை அதுதான். வலது காதுக்கு என்றால் முறை இது: கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து தலையை வலது பக்கம் 45 பாகை திருப்ப வேண்டும். அப்படியே மல்லாக்கச் சாய்ந்து, தோளுக்கடியில் தலையணை இருக்க, தலை சற்றுப் பின்னால் தொங்க வேண்டும். சுற்றல் அடங்கும்வரை, குறைந்தது 30 நொடி காத்திருந்து, தலையை இடது பக்கத்துக்கு 90 பாகை திருப்ப வேண்டும். மறுபடி காத்திருப்பு. பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து முகம் தரையைப் பார்க்கும்படி திரும்பி, கடைசியில் அந்தப் பக்கமாகவே எழுந்து உட்கார வேண்டும். இடது காதுக்கு எல்லாம் தலைகீழ்.

அம்மாவுக்கு ஈஎன்டி டாக்டர் இதைச் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். தலை தொங்கியதும் ஒன்றும் ஆகவில்லை. சில நொடி கழித்துத்தான் இரண்டு கருவிழியும் மேல்நோக்கித் துடித்துச் சுழல ஆரம்பித்தன. "ஐயோ, புடிங்க, விழுறேன்" என்று டாக்டரின் மணிக்கட்டைக் கைக்கடிகாரத்தோடு சேர்த்துப் பற்றிக்கொண்டார். "கண்ண மூடாதீங்கம்மா, என் மூக்கையே பாருங்க" என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் கண் தானாக நின்றுவிட்டது. எந்தக் காது, எந்தக் குழாய் என்று சொல்வது அந்தக் கண்துடிப்புதான். ஸ்கேனில் இது தெரியாது. வேறு சந்தேகம் இல்லாதபோது தலைசுற்றலுக்கென்று மூளை ஸ்கேனுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

பலன் எவ்வளவு? பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பாய்வின்படி, போலிச் சிகிச்சையும் மற்ற ஒப்பீட்டுச் சிகிச்சைகளும் பெற்றவர்களில் 21 சதவீதம் பேருக்குச் சுற்றல் முழுவதும் நின்றது; எப்ளி செய்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு. ஒரு தடவையில் சரியாகாவிட்டால் திரும்பச் செய்யலாம். முடிந்தபின் ஓரிரு நாள் மிதப்பதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டு ராத்திரி உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். அது அவசியமில்லை என்கிறது அமெரிக்க ஈஎன்டி சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். கழுத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்களும் வீட்டில் தானாக முயலக் கூடாது.

எப்ளிக்குப் போட்டியாக மூன்று பயிற்சிகள் உண்டு. செமான்ட் முறையில் ஒரு பக்கம் சாய்ந்து படுத்து, அங்கிருந்து ஒரே வீச்சில் மறுபக்கம் சாய வேண்டும். பலனில் எப்ளிக்குக் குறைந்ததில்லை, ஆனால் அந்த வேகம் எழுபது வயது உடம்புக்கு வராது. கரோல் ஃபாஸ்டர் என்ற மருத்துவர் தனக்கே பிபிபிவி வந்தபோது கண்டுபிடித்தது அரைக் குட்டிக்கரணம். மண்டியிட்டுத் தலையைத் தரையில் ஊன்றிச் செய்வது, துணைக்கு ஆள் வேண்டாம். தனியாக இருக்கும் நடுவயதுக்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன், மூட்டுவலி இருப்பவர்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்.

பிராண்ட்-டாராஃப் பயிற்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்து எழுவது. தினம் 3 வேளை, வேளைக்கு 5 முறை, 2 வாரம். எந்தக் காது என்று தெரியாமலே செய்யலாம் என்பதுதான் இதன் பலம். ஒரு வாரம் முழுக்க இதைச் செய்வதைவிட ஒரே ஒரு எப்ளி மேல் என்று அதே காக்ரேன் ஆய்வு சொல்கிறது. நேரில் போய் எப்ளி செய்துகொள்ள வழியில்லாதவர்களுக்கு இது போதும்.

கழுத்து காலரை இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். ஐம்பது தாண்டிய பெரும்பாலானவர்களின் எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் தெரியும். அதற்கும் கட்டிலில் புரளும்போது வரும் சுற்றலுக்கும் முடிச்சுப் போடுவது பழக்கதோஷம். "பித்தம்" என்று வைத்துக் கொடுக்கும் இஞ்சிச் சாறு குமட்டலுக்கு நல்லதுதான், குடியுங்கள்.

எந்த முறையில் குணமானாலும் பிபிபிவி திரும்ப வரும் நோய். ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்ததில், மறுபடி வருவது குறைந்ததாகத் தென்கொரிய ஆய்வு ஒன்று 2020-ல் காட்டியது. எனவே அந்த ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்கலாம். திரும்ப வந்தால் முதல் வேலையாக எந்தப் பக்கம் புரளும்போது சுற்றுகிறது என்று கவனியுங்கள். போன தடவை வலது காது என்பதற்காக இந்தத் தடவையும் வலதாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.